குவைத்தைச் சுற்றி வந்த பேச்சு

காத்தான்குடியிலிருந்து கதிரவெளி வரைக்கும் சரீபின் குரலைக் கேளாத வீடு இருக்காது. பட்டா என்கிற சின்ன லொறி ஒன்றில் பிளாஸ்டிக் வாளி, பாய், கதிரை, கோப்பை, தும்புத்தடி என்று ஒரு வீட்டுக்கு வேண்டிய அத்தனையையும் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போவான். மற்ற வியாபாரிகள் குரலைப் பதிந்து வைத்து, பெட்டியை ஓடவிட்டுவிட்டுச் சும்மா இருப்பார்கள். சரீபுக்கு அது சரிப்பட்டு வராது. மைக்கைக் கையில் பிடித்து, வீதியில் நிற்கிற ஆளைப் பார்த்துப் பேசினால்தான் அவனுக்கு வியாபாரம் செய்த திருப்தி. "பச்சைச் சட்டை அக்கா, போன முறை வாங்கின வாளிட காது கழண்டிருக்குமே, கொண்டு வாங்க, மாத்தித் தாறன்" என்று தெருவெல்லாம் கேட்கச் சொல்லுவான். ஆரையம்பதியில் அன்னப்பூரணி என்று ஒரு வாடிக்கைக்காரி. அவர் கோப்பையைத் தட்டிப் பார்க்கிற விதத்தை வைத்தே, இன்றைக்கு வீட்டில் யாரோடு கோபம் என்று சரீப் சொல்லிவிடுவான். "தம்பி, உன்ட இந்த வாயோட உன்ட பெண்சாதி எப்பிடித்தான் காலம் தள்ளுறாவோ" என்று அவர் சிரிப்பார்.

அந்த வாய் வீட்டு வாசல் வரைக்கும்தான். வாசலைத் தாண்டினால் சரீப் ஊமை.

வீடு என்றால் அவனுடைய வீடு அல்ல, மனைவி பஹீமாவின் வீடு. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீட்டைக் கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுப்பார்கள். மாப்பிள்ளை வந்து பெண் வீட்டில் இருப்பான். ஏறாவூரில் பிறந்த சரீபும் அப்படித்தான் ஒரு சூட்கேசைத் தூக்கிக்கொண்டு வந்து, காத்தான்குடி ஆற்றங்கரையோரத்து அந்த வீட்டில் ஏறினான். அங்கே பஹீமாவோடு அவளுடைய உம்மா கைறுன்னிஸாவும் இருந்தார். வாப்பா முன்பே மௌத்தாகிவிட்டார். சரீபுக்கும் பஹீமாவுக்கும் பிள்ளை குட்டி என்று ஒன்றும் இல்லை. ஆக அந்த வீட்டில் மூன்று பேர். அதில் இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை.

சண்டை ஒன்றும் கிடையாது. எல்லாம் மரியாதைதான். மாமி மருமகனுக்கு முன்னால் வந்து நிற்கக்கூடாது, நேருக்கு நேர் கதைக்கக்கூடாது என்பது பழைய வீடுகள் சிலவற்றில் இன்னும் விடாமல் இருக்கிற வழக்கம். மார்க்கத்தில் அப்படி ஒரு தடையும் இல்லை, மருமகன் மகனைப் போலத்தான் என்று மௌலவி பள்ளிவாசல் பயானிலேயே சொல்லியிருக்கிறார். கைறுன்னிஸாவும் அதைக் காதாரக் கேட்டார். கேட்டுவிட்டு வந்து, சரீபின் சத்தம் கேட்டதும் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். மௌலவி சொன்னது சரிதான், ஆனால் வெட்கம் என்று ஒன்று இருக்கிறதே! இத்தனைக்கும் மீன்காரனோடு தெருவில் நின்று ஒரு மணித்தியாலம் வாயடிக்கிற ஆள் அவர். அடுத்த வீட்டு நௌஷாட்டை வாடா போடா என்றுதான் கூப்பிடுவார். மருமகன் ஒருவனுக்குத்தான் அவருடைய வாய் திறக்காது.

இருவருக்கும் நடுவில் இருந்த ஒரே பேச்சு செருமல். சரீப் வந்து வாசலில் நின்று செருமுவான். மாமி கதவின் உள்கொண்டியை நீக்கிவிட்டுக் குசினிக்குப் போய் அங்கிருந்து ஒரு தடவை செருமுவார். உள்ளே வரலாம் என்று அதற்கு அர்த்தம். மேசையில் சோற்றை மூடி வைத்துவிட்டு இன்னொரு செருமல் வரும். சாப்பிடலாம் என்று அதற்கு அர்த்தம். செருமலுக்குள் அடங்காத மற்றதெல்லாம் பஹீமாவின் தலையில்.

பஹீமா கெட்டிக்காரி. உம்மா சொன்னதை உள்ளபடி அவள் ஒரு நாளும் புருஷனிடம் சொன்னதில்லை. "கழுவின நிலத்துல சேத்துக் காலோட வந்து நிக்கிறாரே, கண்ணு தெரியாதா" என்று உம்மா உள்ளே புறுபுறுத்தால், முன்னறைக்கு வந்து, "உம்மா இப்பதான் கழுவின, வழுக்குமாம், பாத்து வரட்டாம்" என்பாள். "இந்த ஆணத்த மனிசன் தின்னுவானா" என்று சரீப் குழம்பைப் பார்த்து முகத்தைச் சுளித்தால், குசினிக்குப் போய், "புளி கொஞ்சம் குறைச்சா அவருக்கு இன்னும் நல்லா இரிக்குமாம்" என்பாள். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி, இரண்டு பக்கத்துப் பேச்சிலும் கல்லைப் பொறுக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தைத்தான் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதனால் தன் மாமி நல்ல மனுஷி என்று சரீப் நம்பியிருந்தான். மருமகன் தங்கமான பிள்ளை என்று கைறுன்னிஸாவும் நம்பியிருந்தார். நடுவில் ஒருத்தி இரவு பகலாக உழைத்த உழைப்பு அது என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

நாடு டீசல் வரிசையில் கிடந்த வருஷம் பட்டாவும் வீட்டு முற்றத்தில் கிடந்தது. அதிலிருந்து வியாபாரம் எழும்பவே இல்லை. கடைசியில் பஹீமா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதென்று முடிவாயிற்று. போகிற அன்று அவள் உம்மாவுக்கும் ஒரு நல்ல போன் வாங்கிக் கொடுத்து, குரலைப் பதிந்து அனுப்பச் சொல்லிக் கொடுத்தாள். "ரெண்டு பேரும் எனக்கு அனுப்புங்க. நான் அங்கிட்டு இங்கிட்டு சொல்லிக்குடுக்கன்" என்றாள். இனிமேலாவது நீங்கள் இரண்டு பேரும் நேரே கதையுங்கள் என்று சொல்ல அவளுக்குமே தோன்றவில்லை. அந்த வீட்டில் பிறந்தவள்தானே.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேட்டால் சிரிப்பு வரும், கொஞ்சம் யோசித்தால் சிரிப்பு போய்விடும். குசினியில் உப்பு முடிந்துவிட்டது. சரீப் முன்னறையில் இருக்கிறான். நடுவில் ஒரு சுவரும் ஒரு திரையும். கைறுன்னிஸா போனை எடுத்து, "பஹீமா! மருமகனுக்கிட்ட சொல்லு, உப்பு முடிஞ்சி!" என்று குவைத்துக்கு அனுப்புவார். குவைத்தில் மேடம் பகல் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த பிறகுதான் பஹீமாவுக்குப் போன் கிடைக்கும். இங்கே அது பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லப்போகிற நேரம். அப்போதுதான் அவள் அதைச் சரீபுக்குத் தள்ளிவிடுவாள். அவன் அடுத்த நாள் காலையில் கடைக்குப் போவான். இப்படியாகக் குசினியில் முடிந்த உப்பு அரபிக்கடலைக் கடந்து போய்த் திரும்பி முன்னறைக்கு வந்து சேர்ந்தது.

உப்புக்கு அது போதும். மனதுக்குப் போதாது. பஹீமாவுக்கு அங்கே கிடைக்கிற நேரம் ஒரு கண் மூடித் திறக்கிற நேரம். உம்மா சொன்னதைக் கேட்டு, கல்லைப் பொறுக்கி, தன் வாயால் பதமாகச் சொல்லி அனுப்ப அவளுக்கு எங்கே பொழுது? வந்ததை வந்தபடி பெருவிரலால் தள்ளிவிட்டாள். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக மாமியின் குரல் சரீபின் காதுக்குள் நேரே வந்து விழுந்தது. அது ஏச்சு மாதிரித்தான் விழுந்தது. கைறுன்னிஸா குவைத் தூரத்தில் இருக்கிறது என்று நினைத்து, போனைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு கத்துவார். உப்பு முடிந்ததையும் கத்தித்தான் சொன்னார், மழை வருகிறதையும் கத்தித்தான் சொன்னார். சரீபுக்கு அது விளங்கவில்லை. இவ்வளவு நாளும் இந்தக் கோபத்தையா மனதுக்குள் வைத்துக்கொண்டு சோறு போட்டிருக்கிறார் என்று நினைத்தான்.

ஒரு நாள் அந்தி நேரம் இப்படி ஒன்று வந்தது: "பஹீமா! இவரு எப்ப ஊருக்குப் போறாராம்? கேட்டுச் சொல்லு! கெதியாச் சொல்லு!"

சரீப் அதைத் திரும்பவும் போட்டுக் கேட்டான். திரைக்கு அந்தப் பக்கம் மாமி பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எழும்பிப் போய், "ஏன் மாமி கேட்கிறீங்க" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஊரில் எந்த வீட்டு வாசலிலும் நின்று அவன் அதைக் கேட்பான். இங்கே அவனால் ஏலவில்லை. பெண் இல்லாத வீட்டில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்றுதான் கேட்கிறார், அதில் பிழையும் இல்லையே, வீடு அவர்களுடையதுதானே என்று அவனாகவே கேள்வியும் கேட்டுப் பதிலும் சொல்லிக்கொண்டான். பஹீமாவுக்கு ஒன்றும் அனுப்பவில்லை. அடுத்த கிழமையும் அதே கேள்வி, அதே கத்தலோடு வந்தது. அதற்கும் அவன் வாய் திறக்கவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் சாப்பிடுவதை நிறுத்தினான். கடையில் கொத்து ரொட்டியையோ பாணையோ தின்றுவிட்டு வந்து படுத்துக்கொள்வான். மேசையில் மூடி வைத்த சோறு காலையில் மூடியபடியே இருக்கும். கைறுன்னிஸா ஒவ்வொரு நாளும் அதை எடுத்துக் கோழிக்குப் போட்டுவிட்டு, அடுத்த வேளைக்குத் திரும்பவும் ஆக்கி, திரும்பவும் மூடி வைத்துவிட்டுச் செருமுவார். முன்னறையில் இருந்து அசைவு இருக்காது. தன் கைச் சோறு மருமகனுக்கு அருவருத்துவிட்டது என்று அவர் நினைத்தார். அதையும் பஹீமாவுக்குச் சொல்லவில்லை. தூரத்தில் கஷ்டப்படுகிற பிள்ளைக்கு இதையெல்லாம் சொல்லி என்ன செய்ய என்று விட்டுவிட்டார். இரண்டு பேர் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே கதவைத் திறந்து பூட்டிக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் தனித்துக் கிடந்தார்கள். சரீபுக்கு அந்த வீட்டை விட ஆள் நடமாட்டமில்லாத வாவிக் கரை பரவாயில்லை என்று இருந்தது. அங்கே யாரும் நம்மைப் போகச் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டு, பொழுதுபட்ட பிறகும் லொறிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பான்.

மார்கழி மழை பிடித்தது. விடாமல் பெய்தது. முகத்துவாரத்தை இன்னும் வெட்டவில்லையாம், வெட்டினால்தான் ஆற்றுத் தண்ணீர் கடலுக்கு இறங்கும் என்று தேநீர்க் கடையில் ஆளுக்காள் சண்டை. ஒரு காலையில் சரீப் அந்தப் பழைய சூட்கேசை இறக்கித் தன் உடுப்பை அடுக்கினான். "நான் ஏறாவூருக்குப் போறன். ராத்தாட ஊட்டுலதான் இனி இரிப்பன். உம்மாட்ட சொல்லிடு" என்று குவைத்துக்கு அனுப்பினான். குசினியில் மாமி இருந்தார். அடுப்புப் புகை திரையைத் தாண்டி வந்தது. சரீப் வாசலில் நின்று ஒரு தடவை செருமினான். அந்தச் செருமலுக்குத் தினமும் போகிற போக்கு என்றுதான் அர்த்தம். இனி வரமாட்டேன் என்று சொல்ல ஒரு செருமல் அவர்களிடம் இல்லை. குசினியிலிருந்து வழமைபோலப் பதில் செருமல் வந்தது. அவன் போய்விட்டான்.

ஏறாவூரில் அவனுடைய ராத்தா ஸாதியா, மகள் இர்ஷானாவின் கல்யாண வேலையில் தலைகால் தெரியாமல் நின்றாள். தம்பியின் கையில் சூட்கேசைக் கண்டதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "மாமிக்குச் சொல்லிட்டா வந்த?" என்பதுதான்.

"பஹீமாக்கு அனுப்பின."

"பஹீமா குவைத்துல. நான் மாமியக் கேட்டன்."

சரீப் போனைப் பார்த்தான். அனுப்பிய செய்தி போய்ச் சேர்ந்ததற்கான அடையாளம் இல்லை. ஒற்றைச் சரி மட்டும் சாம்பல் நிறத்தில் நின்றது. மத்தியானம் பார்த்தபோதும் அப்படியே நின்றது. அதற்குள் காத்தான்குடி ஆற்றங்கரைப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது, சனம் பாடசாலைக்குப் போகிறது என்று கதை வந்துவிட்டது.

"மாமிக்கு ஒரு கோல் எடன்" என்றாள் ஸாதியா.

சரீப் போனைத் திறந்தான். மேலே போனான், கீழே வந்தான். கொக்கட்டிச்சோலையில் வாளி வாங்குகிறவரின் நம்பர் இருந்தது. தன்னாமுனையில் டயருக்குக் காற்று அடிக்கிறவனின் நம்பர் இருந்தது. மாமியின் நம்பர் இல்லை.

"இத்தின வருஷமா அந்த மனிசிட சோத்தத் தின்னிரிக்காய். அவட நம்பர் உனக்கிட்ட இல்லயா?" ஸாதியா கல்யாணச் சாமான்களை அப்படியே போட்டுவிட்டு அவனைப் பார்த்தாள்.

அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. நௌஷாட்டுக்கு எடுத்துப் பார்த்தான். கோல் போகவில்லை. அந்தப் பக்கம் டவர் விழுந்துவிட்டதாம். மாமி தங்கச்சி வீட்டுக்குப் போயிருப்பார் என்று சொல்லிக்கொண்டான். போயிருப்பாரா? யார் சொன்னது? தண்ணீர் ஏறினால் அவர் என்ன செய்வார், எங்கே போவார், நீந்தத் தெரியுமா என்று ஒன்றுமே தனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஆரையம்பதி அன்னப்பூரணியைப் பற்றித் தெரிந்ததில் கால்வாசிகூட இந்த மனுஷியைப் பற்றி அவனுக்குத் தெரியவில்லை. சூட்கேசை அங்கேயே விட்டுவிட்டு லொறியை எடுத்தான்.

தன்னாமுனையில் வீதிக்கு மேலால் தண்ணீர் ஓடியது. லொறியை ஒரு மேட்டில் விட்டுவிட்டு, ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்த உழவு மெசினின் பெட்டியில் தொற்றி ஏறினான். கல்லடிப் பாலம் கடந்து, நாவற்குடாவில் இறங்கி நடந்து, தன் வீட்டு ஒழுங்கைக்கு வந்தபோது தண்ணீர் தொடைக்கு மேலே நின்றது. எதிரே நௌஷாட் ஒரு தோணியைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"எங்கடாப்பா போன நீ?" என்று அவன் கத்தினான். "உன்ட மாமி வரமாட்டன் எண்டு நிக்கிறாவு. காலையில இருந்து ரெண்டு தரம் தோணி கொண்டு போன. மருமகன் பொழுதுபட வருவாரு, கொண்டி நீக்க ஆள் வேணும், ஊடு பூட்டிக் கிடந்தா அவரு எங்க போற எண்டு கேக்கிறாவு. இப்ப கூப்பிட்டாச் சத்தமும் இல்ல!"

 சரீப் தண்ணீரைப் பிளந்துகொண்டு ஓடினான். வாசலில் வந்து நின்று, பழக்க தோஷம், முதலில் செருமினான். இந்த முட்டாள்தனத்தை என்ன சொல்ல! ஊர் மூழ்குகிறது, இவன் செருமுகிறான். உள்ளேயிருந்து பதில் இல்லை. இன்னொரு தடவை செருமினான். கூரையில் மழை அடிக்கிற சத்தம்தான் கேட்டது. 

"மாமீ!"

மைக் இல்லாமலே அந்தக் குரல் ஒழுங்கையின் கடைசி வரைக்கும் போயிருக்கும். கல்யாணம் முடித்து வந்த நாளிலிருந்து அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அன்றைக்குத்தான். "மாமீ! எங்க இரிக்கீங்க மாமீ!"

 பிறகு குசினிக்குள் இருந்து குரல் வந்தது. குளிரிலும் பயத்திலும் நடுங்குகிற குரல்.

"பஹீமா, மருமகன் வந்துட்டாரா எண்டு பாரு புள்ள."

பஹீமா எங்கே இருக்கிறாள் என்று அந்த மனுஷிக்குத் தெரியாதா? தெரியும். மருமகனுக்கு நேரே பதில் சொல்ல நாக்கு வரவில்லை, பதில் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. சரீப் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஓம் பஹீமா, வந்துட்டன்" என்றான். "உம்மா எங்க எண்டு கேளு."

"அடுப்பு மேடைக்கு மேல ஏறி இரிக்கன் எண்டு சொல்லு. தண்ணி காலுக்கு வந்துட்டு."

"பயப்பட வேணாம் எண்டு சொல்லு. பின்பக்கத்தால உள்ளுக்கு வாறன்."

"கொஞ்சம் பொறுக்கச் சொல்லு. முக்காடு நனைஞ்சி போச்சி. பிழிஞ்சி போடுறன்."

இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு சரீப் பொறுத்தான். அந்த வேளையிலும் பொறுத்தான். பிறகு உள்ளேயிருந்து மெல்லிய ஒரு செருமல் வந்தது. பின்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். அடுப்பு மேடையில் கைறுன்னிஸா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார். இவ்வளவு சிறிய மனுஷியா என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. போனில் கத்திய குரலுக்கு அவன் மனதில் ஒரு பெரிய உருவத்தை வைத்திருந்தான். மடியில் ஒரு பெரிய தகர டின்னை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தார்.

"பஹீமா, அந்த டின்ன வைக்கச் சொல்லு உம்மாவ. ஆளத் தூக்கணும்."

"ஏலா எண்டு சொல்லு. தொதலுக்கு இடிச்ச மா. மருமகன்ட ராத்தாட மகள்ட கல்யாணத்துக்கு வெறுங்கையோட அவர அனுப்ப ஏலுமா? எப்ப ஊருக்குப் போறாரு எண்டு ரெண்டு தரம் கேட்டு அனுப்பின. ஒரு பதிலும் இல்ல. முந்திக் கிண்டினாப் பழுதாப் போகும். போற நாள் தெரிஞ்சாத்தானே கிண்ட."

  இவர் தன்னைத் துரத்துகிறார் என்று நினைத்து சரீப் கடைப் பாணைத் தின்றுகொண்டு திரிந்த நாளெல்லாம், இந்த மனுஷி அவன் ராத்தா வீட்டுக் கல்யாணத்துக்கு இனிப்புக் கிண்ட மா இடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.  அவன் திரும்பி நின்று குனிந்து முதுகைக் கொடுத்தான். "பஹீமா, உம்மாவ ஏறச் சொல்லு" என்றான். கொஞ்ச நேரம் கழித்து முதுகில் பாரம் ஏறியது. டின்னும் ஏறியது.

பாடசாலை வகுப்பறையில் திரையும் இல்லை, குசினியும் இல்லை. கைறுன்னிஸா ஒரு மூலையில் சுவர்ப் பக்கம் திரும்பி இருந்தார். சரீப் கதவடியில் வெளியே பார்த்துக்கொண்டு இருந்தான். "பஹீமா, உம்மா தேத்தண்ணி குடிச்சா எண்டு கேளு" என்று அவன் மழையைப் பார்த்துச் சொல்வான். "குடிச்சன் எண்டு சொல்லு, அவருக்குச் சாரன் காஞ்சிட்டா எண்டு கேளு" என்று சுவரிலிருந்து பதில் வரும். பக்கத்தில் இருந்த சனம் வெள்ளத்தில் இவர்களுக்கு மூளையும் நனைந்துவிட்டது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது.

தண்ணீர் வடிந்து வீடு திரும்பிய பிறகும் அந்தப் பேச்சு நிற்கவில்லை. வீட்டில் இல்லாத பஹீமாவை நடுவில் நிற்பாட்டி வைத்துக்கொண்டு இரண்டு பேரும் கதைக்கத் தொடங்கினார்கள். குவைத்துக்குப் போய்த் திரும்ப வேண்டிய அவசியம் இல்லை. முதலில் உப்பு, புளி. பிறகு கல்யாணக் கதை. தொதல் ஏறாவூரில் எப்படிப் போனது, ஸாதியா எவ்வளவு ஒளித்து வைத்தாள் என்றெல்லாம். பிறகு அன்னப்பூரணியின் கதை. "பஹீமா, கேளு இந்தக் கூத்த" என்று சரீப் தொடங்கினால் திரைக்கு அந்தப் பக்கம் மாமி சிரிக்கிற சத்தம் கேட்கும். அந்தச் சிரிப்பை அவன் அதற்கு முன் கேட்டதே இல்லை. சோறு மேசையில் மிஞ்சுவது நின்றுபோயிற்று.

வெள்ளத்தன்று குவைத்தில் பஹீமாவின் போனை மேடம் பிடுங்கி வைத்திருந்தாள். ஏதோ கோப்பை உடைந்ததற்குத் தண்டனை. போன் திரும்பக் கிடைத்தபோது டவரும் வந்து எல்லாம் ஒன்றாக வந்து விழ, பாவம் அவள் அழுது குழறிக்கொண்டு கோல் எடுத்தாள். நடந்ததைக் கேட்டதும், "உம்மா உங்களுக்கிட்டயா கதைச்ச? நேராவா?" என்று அழுகையோடு சிரித்தாள். பிறகு ஒவ்வொரு அந்தியிலும் எடுத்தாள். "உம்மாட்ட என்ன சொல்லணும்?" என்பாள். "எல்லாம் சொல்லிட்டன்" என்பான் அவன். "அவருக்கிட்ட என்ன உம்மா சொல்லணும்?" என்று உம்மாவைக் கேட்டால், "சொல்லிட்டன் புள்ள" என்பார் உம்மா. அவள் சரி சரி என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஒரு நாள் அப்படிச் சொல்லிவிட்டு அவள் போனை வைக்கவில்லை. சரீப் போனைச் சத்தமாகப் போட்டு மேசையில் வைத்திருந்தான். குசினிக்கும் கேட்டது.

"ரெண்டு பேரும் நல்லா இரிக்கீங்க. அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் பஹீமா.  "எனக்குத்தான் இங்க ஒரு ஆளும் இல்ல. இந்த ஊட்டுல என்னோட கதைக்கிற கதை, கழுவு, துடை, கொண்டுவா. அவ்வளவுதான். முந்தி போன் கைக்கு வந்தா உம்மாட கத்தலும் உங்கட கோபமும் நிறைஞ்சி கிடக்கும். அதக் கேட்டு அங்கிட்டு இங்கிட்டுத் தள்ளிவிட்டா, நானும் அந்த ஊட்டுலதான் இரிக்கன் எண்டு இரிக்கும். இப்ப தொறந்தா ஒண்டுமே இல்ல மச்சான். என்ன இல்லாமலே உங்களுக்குச் சரியாப் போச்சி."

கதிரவெளி வரைக்கும் பேசிப் பேசியே வாளி விற்ற வாயால் "அப்பிடி இல்ல பஹீமா" என்று மட்டும் சொன்னான் சரீப். அதற்குள் அந்தப் பக்கம் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். போன் நின்றுவிட்டது.

சரீப் மேசையடியில் அப்படியே இருந்தான்.  கொஞ்ச நேரம் கழித்து குசினியிலிருந்து கைறுன்னிஸாவின் குரல் உரத்துக் கேட்டது. போனைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு குவைத்துக்குக் கேட்கக் கத்துகிற குரல்.

"பஹீமா! மருமகனுக்கிட்ட சொல்லு, தேங்கா முடிஞ்சி! மறந்துடாத, நீதான் சொல்லணும்!"

சரீபும் போனை எடுத்தான். "பஹீமா, உம்மாட்ட சொல்லு, நாளைக்கு வாங்கிட்டு வாறன்" என்று அனுப்பினான். ஒற்றைச் சரி விழுந்தது. அவளுக்கு இனி நாளை அந்திக்குத்தான் போன் கிடைக்கும். அன்று காலையில்தான் அவன் கொண்டுவந்து போட்ட தேங்காய்கள் குசினி மூலையில் குவியலாகக் கிடந்தன.